குண்டு கிளாஸில் அந்துருண்டை

ஜூலை 7

கண்ணாடிக்கடை மாமாவுக்கு,

வணக்கம். இது யாருடைய கையெழுத்து என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் புத்தகப்புழு என்று கூப்பிடுவீர்களே, அவள்தான். உங்களுக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் பேச்சை எடுத்தாலே அப்பா செய்தித்தாளை உதறி விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். வீட்டில் இருக்கும் போன் இரண்டும் அப்பா அம்மாவுடையவை. யாரிடம் பேசினேன் என்று தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். பதில் எழுதினால் எங்கள் பள்ளி நூலகத்தின் முகவரிக்கு எழுதுங்கள். நூலக அக்கா பிரிக்காமல் என்னிடம் தருவார்.

எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது. விஸ்கியைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம்தான் அதைக் கேட்க முடியும். வங்கிக் கேஷியர் மாமாவிடம் கேட்டால் மறுநாளே வங்கியில் பணம் கட்ட வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. நீங்கள் கடையை மாற்றிக்கொண்டு போன பிறகு அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். கேஷியர் மாமா பாட்டிலை மறைத்து வைத்து ஊற்றுவார். அப்பா குடித்துப் பார்த்து எது எது என்று சொல்வார். எல்லாம் பழைய மாதிரிதான். ஆனால் போன வாரம் முன்னறைக்கு வெள்ளை அடித்தோம். அம்மா கிளாஸ்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கம்பளிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நேற்று முன்தினம் அப்பா தானே போய்ப் பெட்டியைத் திறந்து இரண்டு குண்டு கிளாஸை எடுத்தார். துண்டால் துடைத்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, பளபளவென்று இருப்பதாகச் சொன்னார். கேஷியர் மாமா ஊற்றிவிட்டு வறுத்த கடலையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா குடித்தார். முதலில் தேன் வருகிறது, பிறகு லேசாக உலர்ந்த திராட்சை என்றார். இன்னொரு மிடறும் குடித்தார். அப்போதுதான் கேஷியர் மாமா தன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

"என்னடா இது, பீரோவைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு?" என்று கீழே வைத்துவிட்டார்.

கம்பளிப் பெட்டி முழுக்க அந்துருண்டை, மாமா. நான் வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே வரைக்கும் எனக்கு நெடி வந்துகொண்டிருந்தது. கேஷியர் மாமா அப்பாவின் கிளாஸை வாங்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அதில் இன்னும் அதிகம். அப்பா உடனே சிரித்து, நீ எப்போது கண்டுபிடிக்கிறாய் என்று பார்த்தேன் என்றார். கேஷியர் மாமா முதுகில் தட்டி, "மூக்குன்னா மூக்குதான்டா" என்றார்.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அப்பாவின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். படிக்கட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாவிட்டால் முகம் எப்படிப் போகும்? அப்படி இருந்தது.

நூலகத்தில் தேடிப் படித்தேன். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிவது கொஞ்சம்தானாம். மற்ற ருசியெல்லாம் மூக்கு தருவதாம். அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். காலையில் சமையல் வாயு சிலிண்டர் கிடங்கின் கதவை ஒரு சாண் திறந்து, மூச்சை இழுத்துப் பார்த்து, சரி என்று அப்பா தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போய் விளக்கைப் போடுவார்கள். கசிவு காட்டும் கருவி பழுதானதால் அதை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "மூக்கு இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்று மேனேஜரே வேடிக்கையாகச் சொல்வாராம்.

விஸ்கியின் வாசனை அந்துருண்டையை மறைத்துவிடுமா? மறைக்கும் என்று எழுதுங்கள், மாமா.

இப்படிக்கு,
புத்தகப்புழு


ஜூலை 15

புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். எதிரே ஒரு பெரியவர் புது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எழுத்து மங்கியது.

உன் அப்பனைப் பற்றிப் பேசக் கூடாது என்று சபதம் எடுத்தவன் நான். உனக்காக ஒரே ஒரு முறை. எங்கள் சண்டை எதனால் என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளாஸால் வந்த சண்டை. அடி பருத்து வாய் குறுகிய ஒல்லி கிளாஸ் இருக்கிறதே, அது வாசனையைக் கூட்டி மூக்குக்குக் கொண்டுவரும். அதுதான் சரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே உன் அப்பன். இந்த வருஷம் திடீரென்று குண்டு கிளாஸ் இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்றான். அகல வாய், கனமான அடி, கையில் பிடித்தால் செங்கல். அதில் வாசனை பறந்துபோகும் என்று சொன்னேன். "மோந்து பார்க்க நான் என்ன பூக்கடையா வச்சிருக்கேன்?" என்றான்.

அன்றைக்கு நான் புகை விஸ்கி ஒன்று வாங்கிவந்திருந்தேன். தானியத்தைப் புகையில் காயவைத்துச் செய்வது. மூடியைத் திறந்தால் அடுத்த அறையில் இருப்பவன் எழுந்துவந்து என்ன கருகுகிறது என்று கேட்பான். கேஷியர் ஒரு வாய் குடித்துவிட்டு எரிந்த சாக்கு என்றான். உன் அப்பன் கண்ணை மூடி, நல்ல தேன் என்றான். நான் சிரித்தேன். நான் செய்த குற்றம் அது ஒன்றுதான். கண்ணாடி விற்கிறவனுக்குக் கண் மட்டும்தான் உண்டு, நாக்கு கிடையாது என்று ஆரம்பித்தவன், வாசல்வரை வந்து விரட்டினான். செருப்பைக்கூட ஒழுங்காகப் போட விடவில்லை. அத்தனை வருஷப் பழக்கம்.

உன் கேள்விக்கு வருகிறேன். மறைக்காது. எந்த விஸ்கியும் அந்துருண்டையை மறைக்காது. ஆனால் சளி பிடித்திருக்கலாம், சும்மா விளையாடியும் இருக்கலாம். உன் அப்பனுக்கு வீம்பும் உண்டு. பெரியவர்கள் விஷயத்தில் நுழையாமல் உன் படிப்பைப் பார்.

மாமா

பின்குறிப்பு: வீட்டில் பால் தீய்ந்துபோனால் உன் அப்பா என்ன செய்கிறார்? சும்மாதான் கேட்கிறேன்.


ஜூலை 24

மாமாவுக்கு,

பெரியவர்கள் சும்மா கேட்பது எதுவும் சும்மா இல்லை. உங்கள் பின்குறிப்பு வந்த அன்றே பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேண்டுமென்றே நகர்ந்துபோனேன். அப்பா சமையலறை வாசலில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகியது. அப்பா பக்கத்தைத் திருப்பினார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள். "பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றாள். அவள் எப்போதும் திட்டுவதைப் போலத்தான் திட்டினாள். எனக்கு அது திட்டாகக் கேட்கவில்லை.

அது ஒன்றுமில்லை. நேற்று நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்து வாசல் கதவைத் தள்ளியதும் வாயு நாற்றம், அழுகிய முட்டைக்கோஸைப் போல, தலையைச் சுற்ற வைத்தது. உள்ளே அப்பா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். ஜன்னல் காற்றில் தீ அணைந்திருக்கிறது. எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி பற்றவைக்கத் தீப்பெட்டியில் இருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் தீப்பெட்டியோடு சேர்த்து அவர் கைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பின் திருகைப் பார்த்தார். அதை மெதுவாக மூடினார். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். பிறகு கேட்டார்.

"ரொம்ப நாத்தமா இருக்கா?"

நான் தலையாட்டினேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு மோப்பம் போயிற்றாம். ஒரு நாள் காலையில் சோப்புக்கு வாசனை இல்லை. மட்டமான சோப்பு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். மறுநாள் காபிக்கும் வாசனை இல்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். விஸ்கியை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டேன். இனிப்பும் எரிச்சலும் நாக்குக்குத் தெரிகிறதாம். மற்றதைக் கண்ணால் பார்ப்பாராம். குண்டு கிளாஸைச் சுழற்றினால் விளிம்பிலிருந்து விஸ்கி கோடு கோடாக வழியும், அது மெதுவாக வழிகிறதா வேகமாக வழிகிறதா என்று பார்ப்பாராம். கேஷியர் மாமாவின் புருவத்தையும் பார்ப்பாராம். ஒல்லி கிளாஸ் வந்தால் எல்லோரும் மூக்கை உள்ளே விட்டு வாசனையைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால்தான் அது ஆகாது என்றாராம்.

உங்களைப் பற்றியும் சொன்னார். "அவன் சிரிச்சான் பாரு. கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். அதான் விரட்டினேன்." இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார்.

கிடங்கில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிலிண்டரின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பேன், குமிழி வந்தால் கசிவு என்றார். ஆனால் மாமா, சோப்புத் தண்ணீர் தடவுவதற்கு முதலில் உள்ளே போக வேண்டும். அதற்கு முன்னால் கதவைத் திறந்து தலையாட்ட வேண்டும். அதைத்தான் கேட்கிறேன் என்றேன். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

புத்தகப்புழு


ஜூலை 30

அம்மா புத்தகப்புழு,

எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே.

அவனைத் தப்பாக நினைத்தேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவன் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. நான் போன் செய்து சொன்னால், சண்டைக்குப் பழி வாங்குகிறேன் என்று நினைப்பான், வீம்புக்கு இன்னும் இரண்டு கதவைச் சேர்த்துத் திறப்பான். கிடங்கில் சொன்னால் வேலை போகும். வேறு வேலை தேடும் வயசில்லை அவனுக்கு. உன் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதப் பயமாக இருக்கிறது.

நீ அம்மாவிடம் சொல்லிவிடு. வாக்குக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. அம்மா சொன்னால் கேட்பான்.

நீ மட்டும் அந்தக் கிடங்குப் பக்கம் போகாதே.

மாமா


ஆகஸ்ட் 8

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. நான் அதற்கு முன்பே கிடங்குக்குப் போய்விட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அம்மாவிடம் சொல் என்கிறீர்கள். அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்கிறார். நீங்களே அப்பாவிடம் சொல்லப் பயப்படுகிறீர்கள். பெரியவர்கள் இரண்டு பேரின் பயத்தையும் என் புத்தகப் பையில் போட்டு அனுப்பினால் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதனால் எனக்குத் தெரிந்ததையே செய்கிறேன். நான் அப்பாவுக்கு மூக்காக இருக்கிறேன்.

பள்ளிக்குப் போகும் வழியில் கிடங்கு இருக்கிறது. தினமும் அப்பாவோடு கிளம்புகிறேன். பெண்ணுக்கு அப்பாமேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்று அம்மா கிண்டல் செய்கிறாள். லாரி ஆட்கள் வாசலில் காத்திருப்பார்கள். அப்பா கதவை ஒரு சாண் திறப்பார். நான் விடைபெறுவதைப் போல அவர் பக்கத்தில் போய் நிற்பேன். மூச்சை இழுப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால் தலையாட்டுவேன். என்னைப் பார்த்து அப்பா தலையாட்டுவார். அவரைப் பார்த்து மற்றவர்கள் உள்ளே போவார்கள். பிறகு நான் பள்ளிக்குப் போவேன்.

முதல் நாள் அப்பா என் தலையைத் தடவினார். இரண்டாம் நாளிலிருந்து அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் தலை அசைவதை மட்டும் பார்க்கிறார்.

உள்ளே இரும்பு வாசம், ரப்பர் வாசம், பழைய சாக்கு வாசம் எல்லாம் வரும். வாயு வாசம் இதுவரை வரவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் ஆரம்பிக்கிறது. சரியாக மோந்தேனா? அவசரப்பட்டேனா? கொஞ்சமாக இருந்து எனக்குத் தெரியாமல் போயிருந்தால்? பெரிய சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று ஆய்வுக்கூடத்தில் யாரோ ஸ்டூலைத் தள்ளிவிட்டார்கள். நான் எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை கேஷியர் மாமா இரண்டு கிளாஸிலும் ஒரே விஸ்கியை ஊற்றி ஏமாற்றப் பார்த்தார். அப்பா இரண்டுக்கும் வித்தியாசம் சொன்னார். கேஷியர் மாமா சிரிக்கவில்லை, மாமா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகப்புழு


ஆகஸ்ட் 12, காலை

மாமா,

அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். இதைப் போகும் வழியில் தபாலில் போடுவேன்.

எனக்குச் சளி பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் அடைப்பு. காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். சோப்பை மோந்து பார்த்தேன். கம்பளிப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அப்பாவின் உலகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீ வராதே என்று தனியாகப் போய்த் தானே தலையாட்டிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. தினமும் ஒன்றும் இல்லாத கிடங்கில் இன்றைக்கு மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது என்று எனக்கே தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

குழாயை மூடிவிட்டார். போகிறேன்.


ஆகஸ்ட் 16

புத்தகப்புழு,

நீ பன்னிரண்டாம் தேதி எழுதியது இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. இதற்குள் என்ன ஆயிற்று? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் அப்பாவின் போன் அணைந்து கிடக்கிறது. அம்மாவின் எண் என்னிடம் இல்லை. கேஷியரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை. கடைசியில் கிடங்கின் எண்ணைத் தேடிப் பிடித்து மேனேஜரிடமே பேசினேன். அவனுக்கு மோப்பம் போய்விட்டது, கதவைத் திறக்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம். அவர் "தெரியும்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

என்ன தெரியும்? எப்படித் தெரிந்தது? திரும்பக் கூப்பிட்டால் எடுக்க மறுக்கிறார்கள்.

கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி போதும். நல்லா இருக்கோம் என்று ஒரு வரி.

மாமா


ஆகஸ்ட் 20

மாமாவுக்கு,

நல்லா இருக்கோம். இந்த வரியை நீங்கள் இதற்குள் கேட்டிருப்பீர்கள். உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். ரொம்ப நேரம் "ம்" என்றும் "சரிடா" என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் அந்தப் பக்கம் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பாவின் போன் அன்று கீழே விழுந்து உடைந்துவிட்டது. மேனேஜருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு இடத்தில் போடுவார்களா, ஒரேயடியாக அனுப்பிவிடுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. கசிவு காட்டும் கருவியை மாட்டிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் நின்று அழுதாள். கேஷியர் மாமா வங்கி முடிந்ததும் தினமும் வந்து அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்பே சந்தேகமாம். கேட்கத்தான் தைரியம் வரவில்லையாம்.

அன்று காலை லாரி ஆட்கள் நான்கு பேரும் டிரைவரும் வாசலில் நின்றார்கள். அப்பா பூட்டைத் திறந்து கதவை ஒரு சாண் தள்ளினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சை இழுத்தேன். பாதி மூச்சு வாய் வழியாகத்தான் வந்தது. அப்பா என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் கழுத்து ஆடுவதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

"அப்பா, எனக்கு மூக்கடைப்பு. ஒண்ணும் தெரியலப்பா" என்றேன்.

அவர் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "என்ன மூக்கு சார், இன்னிக்குப் பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி நிக்கிறீங்க?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மோப்பம் போய் மாசக்கணக்காச்சுப்பா. இத்தனை நாள் என் பொண்ணுதான் பார்த்துச் சொன்னா. இன்னிக்கு அவளாலயும் முடியல. யாராவது ஒருத்தர் வந்து பாருங்க."

ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவர்களில் மூத்தவர் முன்னால் வந்து, எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, கதவிடுக்கில் முகத்தை வைத்தார். நான் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவர் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். திரும்பி ஓடினார். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு கையை வீசிக் காட்டியபடியே ஓடினார். அதற்குள் வாயு கதவு வழியாக வெளியே வந்திருக்க வேண்டும். மற்றவர்கள் முகமும் மாறியது, அவர்களும் ஓடினார்கள். லாரி டிரைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

நானும் அப்பாவும் மட்டும் திறந்த கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். எனக்குக் காலைக் காற்றுதான் தெரிந்தது, குளிர்ச்சியாக, சுத்தமாக. அப்பா இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்தேன். ஒன்றுமே இல்லை. எங்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, மாமா.

பிறகு அப்பா என் கையைப் பிடித்தார். அவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்தோம். அந்தப் பக்கம் ஓடினோம்.

புத்தகப்புழு